நெட்பேங்கிங் கெடுபிடிகளோடு மல்லுக்கட்டாமல் வேலையை முடிப்பது எப்படி

நெட்பேங்கிங்கில் நம்மை எரிச்சல்படுத்தும் தடைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதித் தலைவலி குறையும். சில தடைகள் உங்கள் பணத்துக்கும் திருடனுக்கும் நடுவில் உண்மையிலேயே நிற்கின்றன, அவற்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் கொஞ்சம் முன்னேற்பாடு இருந்தால் அவை நம் வழியை மறிக்காது. இன்னும் சில, யாரோ எப்போதோ எழுதிவைத்த விதியை அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்காததால் இன்றுவரை ஓடிக்கொண்டிருப்பவை. அவற்றால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை, தொல்லை மட்டும் நமக்கு.

எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: திருடன் கையில் என்ன கிடைத்திருந்தால் இந்தத் தடை அவனை நிறுத்தும்? ஓடிபியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாஸ்வேர்ட் அவனிடம் சிக்கியிருந்தாலும் ஓடிபி இல்லாமல் அவனால் பணத்தை எடுக்க முடியாது, ஆகவே அது வேலை செய்கிற தடை. பாஸ்வேர்ட் கட்டத்தில் பேஸ்ட் செய்ய விடாமல் தடுக்கிறார்களே, அது யாரை நிறுத்தும்? பாஸ்வேர்ட் தெரிந்த திருடன் அதைத் தட்டச்சு செய்துவிட்டுப் போவான், நீளமான பாஸ்வேர்ட் வைத்திருக்கும் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கெடுபிடி தாங்காமல் நாம் எடுக்கும் குறுக்குவழிகள்தான் திருடனுக்கு மிகப்பெரிய வசதி. எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்ட், பின் நம்பரை போன் கான்டாக்ட்டில் ஒரு பெயரில் ஒளித்துவைப்பது, "நீயே பார்த்து முடித்துவிடு" என்று ஓடிபியை அடுத்தவரிடம் வாசித்துக் காட்டுவது. கோபம் நியாயமானது, ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ள வேறு வழிகள் இருக்கின்றன.

பாஸ்வேர்ட்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று, ஒரு பெரிய எழுத்து வேண்டும், ஒரு எண் வேண்டும், ஒரு குறி வேண்டும் என்ற விதிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட ஒரு வழிகாட்டி இந்தப் பழக்கம் பரவ முக்கியக் காரணம். அதை எழுதிய பில் பர் என்பவரே 2017-ல், அப்படிப் பரிந்துரைத்ததற்காக வருந்துவதாகப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். அதே 2017-ல் நிஸ்ட் தன் வழிகாட்டியைத் திருத்தி எழுதியது: காரணம் இல்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள், கசிந்துவிட்டதாகத் தெரிந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், எழுத்துக் கலவை விதிகளைத் திணிக்காதீர்கள், பேஸ்ட் செய்ய அனுமதியுங்கள். மைக்ரோசாஃப்ட்டும் 2019-ல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையில் இருந்து பாஸ்வேர்ட் காலாவதி விதியை எடுத்துவிட்டது. காரணம் எளியது. திருடுபோன பாஸ்வேர்டைத் திருடன் மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்கப் போவதில்லை, கிடைத்த உடனே பயன்படுத்துவான். நாமோ மாற்றச் சொன்னால் கடைசியில் உள்ள 1-ஐ 2 ஆக்கிவிட்டு நகர்ந்துவிடுவோம், பழையது தெரிந்தவனுக்குப் புதியதை ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இத்தனைக்குப் பிறகும் உங்கள் வங்கி பழைய விதியிலேயே நிற்கலாம். அப்போது செய்ய வேண்டியது இதுதான். பாஸ்வேர்டுகளை உருவாக்கிச் சேமித்துவைக்கும் ஒரு பாஸ்வேர்ட் மேனேஜரை வைத்துக்கொள்ளுங்கள், தனிச் செயலியாக இருந்தாலும் சரி, போனிலோ பிரவுசரிலோ கூடவே வருவதாக இருந்தாலும் சரி. வங்கி அனுமதிக்கும் அதிகபட்ச நீளத்துக்கு அதையே ஒரு பாஸ்வேர்ட் உருவாக்கச் சொல்லுங்கள். சில குறிகளை வங்கி ஏற்காது, எவற்றை ஏற்காது என்று பக்கத்தில் எழுதியும் இருக்காது. தகராறு செய்தால் குறிகளைக் குறைத்து நீளத்தைக் கூட்டுங்கள், நீளம்தான் முக்கியம். மாற்றி முடித்ததும் உடனே லாகவுட் செய்து அதே பாஸ்வேர்டோடு மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். நீளமான பாஸ்வேர்டைச் சத்தமில்லாமல் வெட்டிச் சேமிக்கும் தளங்கள் உண்டு, அதை ஓய்வாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிடுவது நல்லது. காலாவதி விதி இருந்தால் அது தானாக வந்து கழுத்தைப் பிடிக்கும்வரை காத்திருக்காமல், சில நாள் முன்பே காலண்டரில் குறித்துவைத்து மாற்றிவிடுங்கள். அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிய நிமிடத்தில் புதுப் பாஸ்வேர்ட் யோசிப்பதுதான் எல்லாத் தப்புக்கும் தொடக்கம்.

பேஸ்ட் வேலை செய்யவில்லையா? பல மேனேஜர்களில் உள்ள, தானாக நிரப்பும் ஆட்டோஃபில் வசதி, பேஸ்ட் தடையைத் தாண்டி நிரப்பிவிடும். கீபாஸ் போன்றவற்றில் நாமே தட்டுவது போல ஒவ்வொரு எழுத்தாக அனுப்பும் வசதியும் இருக்கிறது. எதுவுமே நடக்கவில்லை, கையால் அடித்தே ஆக வேண்டும் என்றால், குறிகள் நிறைந்த குழப்பமான பாஸ்வேர்டை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து வையுங்கள், நடுவில் ஓர் எண்ணும் ஒரு குறியும் போட்டால் கலவை விதியும் திருப்தியாகிவிடும். அடிப்பதும் எளிது, ஊகிப்பதும் கடினம்.

ஆட்டோஃபில்லில் இன்னொரு நன்மை இருக்கிறது, என்னைக் கேட்டால் இதுதான் அதன் மிகப்பெரிய நன்மை. போலி வங்கிப் பக்கம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் அதன் முகவரி வேறு. நம் கண் ஏமாறும், மேனேஜர் ஏமாறாது, அது நிரப்ப மறுக்கும். வழக்கமாகத் தானாக நிரம்பும் பக்கம் ஒருநாள் நிரம்பவில்லை என்றால் கையால் அடிக்கத் தொடங்காதீர்கள், நிறுத்தி முகவரியைப் பாருங்கள்.

திரையில் கீபோர்டு காட்டி மவுஸால் அழுத்தச் சொல்வது, கீபோர்டில் அடிப்பதைப் பதிவு செய்யும் வைரஸ்களுக்காக வந்த ஏற்பாடு. திரையையே படம்பிடிக்கும் வைரஸ்கள் எப்போதோ வந்துவிட்டன. விருப்பம் இருந்தால் தேர்ந்தெடுக்கலாம் என்று இருந்தால் விட்டுவிடுங்கள். பொதுக் கணினியில் திரை கீபோர்டு இருக்கிறதே என்று நம்பி மட்டும் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

அப்புறம், வங்கிப் பாஸ்வேர்டைவிட ஒருபடி மேலாகக் காக்க வேண்டியது உங்கள் மெயில் பாஸ்வேர்டை. "மறந்துவிட்டேன்" என்று அழுத்தினால் பெரும்பாலும் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். 2013-ல் ட்ராய் ஹன்ட் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளத்தில் உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்துப் பார்த்தால், தெரியவந்த தரவுக் கசிவுகளில் அது இருக்கிறதா என்று காட்டும். அந்தக் கசிவில் உள்ள தளத்தின் பாஸ்வேர்டையே வங்கிக்கும் வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

பாதுகாப்புக் கேள்விகள்

அம்மாவின் பெயர், படித்த பள்ளி, முதல் செல்லப்பிராணி. உங்களைத் தெரிந்த எவரும் பதில் சொல்லிவிடுவார்கள், தெரியாதவர்கள் இணையத்தில் தேடிச் சொல்லிவிடுவார்கள். 2008-ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மெயில் கணக்கு இப்படித்தான் உடைந்தது, பொதுவெளியில் இருந்த தகவல்களை வைத்தே ஒரு மாணவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். கூகுள் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசுபவர்களின் பிடித்த உணவு என்ன என்ற கேள்விக்கு ஒரே ஊகத்தில் 19.7 சதவீதம் சரியாகச் சொல்லிவிட முடியும் என்று தெரிந்தது.

ஆகவே உண்மையைச் சொல்லாதீர்கள். கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத பதிலைக் கொடுத்து, அதை மேனேஜரில் அந்தக் கணக்கின் குறிப்பாகச் சேமியுங்கள். ஒரே ஒரு கவனம்: கன்னாபின்னா எழுத்துகளாக வைக்காமல் வாயால் சொல்லக்கூடிய இரண்டு மூன்று சொற்களாக வையுங்கள். என்றாவது போனில் வங்கி ஊழியரிடம் அதைச் சொல்ல வேண்டிவரும். அப்போது ஒவ்வொரு குறியாக விளக்கிக்கொண்டிருக்க முடியாது. சொற்களாக வைத்தால், "என்னவோ எழுத்துகளாக இருக்கும்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஊழியர் சரி என்று விட்டுவிடும் ஆபத்தும் இல்லை.

ஓடிபி

இது பொறுத்துக்கொள்ள வேண்டிய தடை என்று மேலே சொன்னேன். ஆனால் எஸ்.எம்.எஸ்ஸில் வரும் ஓடிபியால் வரும் துன்பம் கொஞ்சநஞ்சம் இல்லை.

வராவிட்டால் முதலில் செய்யக்கூடாதது, திரும்பத் திரும்ப "மீண்டும் அனுப்பு" அழுத்துவது. பெரும்பாலான வங்கிகளில் புது ஓடிபி கேட்டால் பழையது செத்துவிடும். நெட்வொர்க் மெதுவாக இருக்கும்போது மூன்று முறை கேட்டால் மூன்றும் முன்பின்னாக வந்து சேரும், நீங்கள் செத்த எண்ணை அடிப்பீர்கள், இரண்டு மூன்று தப்பானதும் கணக்கு முடங்கும். ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஃபிளைட் மோடைப் போட்டு எடுங்கள், மெசேஜ் செயலியின் ஸ்பேம் பகுதியைப் பாருங்கள், வங்கியின் அனுப்புநர் பெயரைத் தெரியாமல் பிளாக் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். திரையிலும் மெசேஜிலும் ஒரு குறிப்பு எண் இருந்தால் இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள், எந்த ஓடிபி எந்தக் கோரிக்கைக்கு என்பது அதில்தான் தெரியும்.

வந்த பிறகு எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், மெசேஜை முழுதாகப் படியுங்கள். எத்தனை பேர் படிக்கிறார்கள்? எவ்வளவு தொகை, யாருக்கு என்பது அதில் இருக்கும். ஐரோப்பிய யூனியனில் 2019 செப்டம்பர் 14 முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, ஒவ்வோர் இணையப் பரிமாற்றத்தின் உறுதிக் குறியீடும் அந்தத் தொகையோடும் பெறுபவரோடும் கட்டப்பட்டிருக்க வேண்டும், இரண்டில் ஒன்று மாறினாலும் குறியீடு செல்லாது. "பணம் திரும்பத் தருகிறேன், ஓடிபி சொல்லுங்கள்" என்று கேட்பவனின் பொய் உடைவது அந்த மெசேஜில்தான், ஏனென்றால் அதில் பணம் போகிறது என்றுதான் எழுதியிருக்கும்.

எஸ்.எம்.எஸ் தொல்லை மட்டும் இல்லை, பலவீனமும்தான். 2017-ல் ஜெர்மனியில், டெலிபோன் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 1970-களில் உருவான எஸ்.எஸ்.7 என்ற அமைப்பின் ஓட்டையைப் பயன்படுத்தி, வங்கி வாடிக்கையாளர்களின் எஸ்.எம்.எஸ்களைத் திருப்பிவிட்டுக் கணக்குகளைக் காலி செய்தார்கள். அதைவிடப் பரவலான தந்திரம் சிம் ஸ்வாப்: உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி உங்கள் எண்ணையே தன் போனுக்கு மாற்றிக்கொள்வது. சிங்கப்பூரில், டிஜிட்டல் டோக்கன் (போனில் உள்ள வங்கிச் செயலியிலேயே உறுதிசெய்யும் வசதி) வைத்திருப்பவர்களுக்கு லாகினுக்கான ஓடிபியை நிறுத்திவிடப் போவதாக 2024 ஜூலையில் வங்கிகள் அறிவித்ததற்குக் காரணம், போலித் தளங்களைக் காட்டி ஓடிபியைக் கறக்கும் மோசடிகள்.

உங்கள் வங்கியில் வேறு வழி இருந்தால் அதற்கு மாறுங்கள். வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் தருவது, போனிலேயே ஓடிபியை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி, அதே வேலையைச் செய்யும் கையடக்க டோக்கன் கருவி, பாஸ்வேர்டுக்குப் பதிலாக வந்த பாஸ்கீ, எது இருந்தாலும் எஸ்.எம்.எஸ்ஸைவிட மேல். ஆதென்டிகேட்டரில் வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும், நெட்வொர்க்கே தேவையில்லை, ஆனால் போனின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். எண் சரியாக அடித்தும் தப்பு என்று வந்தால் நேரத்தைத் தானியங்கியில் வையுங்கள். 2022-ல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரவு அறிவித்த பாஸ்கீயை உங்கள் வங்கி தருகிறது என்றால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்ட் நினைவு வேண்டாம், விரல் ரேகையோ போன் பூட்டோ போதும், உண்மையான தளத்தைத் தவிர வேறு எங்கும் அது வேலை செய்யாது.

எஸ்.எம்.எஸ் மட்டும்தான் என்று வங்கி அடம்பிடித்தால் இருப்பதையாவது இறுக்குங்கள். சிம்முக்கு ஒரு பின் போடுங்கள். போன் திருடுபோனால், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு உங்கள் ஓடிபியை வாங்குவதை அது தடுக்கும். மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும், திறக்க டெலிபோன் நிறுவனம் தரும் பி.யு.கே எண் வேண்டும், அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பின்னை மாற்றுங்கள். லாக் ஸ்கிரீனில் மெசேஜ் உள்ளடக்கம் தெரியாதபடி மறையுங்கள். உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றவோ வேறு நெட்வொர்க்குக்குக் கொண்டுபோகவோ கூடுதல் பூட்டுப் போடும் வசதி இருக்கிறதா என்று டெலிபோன் நிறுவனத்தில் கேளுங்கள். சுற்றி எல்லோருக்கும் சிக்னல் இருக்க உங்கள் போனில் மட்டும் திடீரென்று போய், வராமலே இருந்தால், காத்திருக்காமல் வேறு போனில் இருந்து முதலில் வங்கியை, அடுத்து டெலிபோன் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

செயலியில் "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்காமலே வந்தால் மறுத்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், அந்தச் சலிப்பில் ஒருமுறை ஒப்புக்கொள்வீர்கள் என்பதுதான் திருடனின் கணக்கு.

போன் மாற்றும்போது, எண் மாற்றும்போது

நெட்பேங்கிங்கில் மிக மோசமான எரிச்சல்கள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை முழுதாகத் தவிர்க்கக்கூடியவை. வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் என்பது உங்கள் எண்ணும் உங்கள் போனும்தான். இரண்டும் ஒரே நாளில் மாறினால் நீங்களும் திருடனும் அதற்கு ஒரே மாதிரிதான் தெரிவீர்கள்.

புது போன் வாங்கியதும் பழையதை அழித்துவிடாதீர்கள், யாருக்கும் கொடுத்தும்விடாதீர்கள். முதலில் புதியதில் வங்கிச் செயலியைப் போட்டு, பதிவு செய்து, உள்ளே போய், ஒரு சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். ஆதென்டிகேட்டர் இருந்தால் அதன் கணக்குகளைப் பழைய போனில் இருந்து எக்ஸ்போர்ட் செய்து மாற்றி, ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று பாருங்கள், போனை பேக்கப் எடுத்தால் அதுவும் கூடவே வந்துவிடும் என்று நினைத்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். எல்லாம் சரியான பிறகு பழைய போனை வங்கியின் சாதனப் பட்டியலில் இருந்து நீக்குங்கள், அதற்குப் பிறகுதான் ரீசெட்.

புதுச் சாதனத்தில் பதிவு செய்ததும் சில வங்கிகள் கொஞ்ச நேரம் பெரிய தொகை அனுப்ப விடாது. சிங்கப்பூரில் இது விதியாகவே வந்தது, பெரிய அளவில் நடந்த எஸ்.எம்.எஸ் மோசடிக்குப் பிறகு 2022 ஜனவரியில் அறிவித்த நடவடிக்கைகளில், புது டிஜிட்டல் டோக்கன் செயல்பட குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் ஒன்று. திருடன் தன் போனில் உங்கள் கணக்கைப் பதிவு செய்துவிட்டாலும் உங்களுக்கு எச்சரிக்கை வந்து நீங்கள் தடுக்க அந்த நேரம்தான் வாய்ப்பு. ஆகவே இதைத் திட்டாதீர்கள், பெரிய தொகை கட்ட வேண்டிய வாரத்தில் போன் மாற்றாமல் இருங்கள்.

எண்ணை மாற்றுவதாக இருந்தால் வரிசை முக்கியம்: முதலில் வங்கியில் புது எண், பிறகு மெயிலில், பிறகு மற்ற இடங்களில், எல்லாவற்றிலும் புது எண்ணுக்கு ஓடிபி வருகிறது என்று உறுதியான பிறகே பழைய சிம்மை விடுங்கள். விட்ட எண் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போகும். வங்கியில் பழைய எண்ணே இருந்தால் உங்கள் ஓடிபி அந்த முகம் தெரியாதவரின் போனில் போய் விழும், அதை மாற்றவும் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியையே வங்கி கேட்கும்.

வெளிநாடு போவதாக இருந்தால் பழைய சிம்மை போனிலேயே வைத்து, அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, எஸ்.எம்.எஸ் பெறும் வசதி அங்கே வேலை செய்யுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். இன்டர்நெட்டுக்கு வைஃபை அல்லது இன்னொரு சிம் அல்லது இ-சிம். சில வங்கிச் செயலிகள் பதிவின்போது உங்கள் சிம்மில் இருந்தே ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்பிச் சரிபார்க்கும், இதை வெளிநாட்டில் இருந்து செய்ய முடியாமல் போகலாம், அதனால் பயணத்தில் இருக்கும்போது செயலியை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம்.

புதியவருக்கு அனுப்புதல், டைம் அவுட், முடக்கம்

புதிதாக ஒருவரின் கணக்கைச் சேர்த்தால் உடனே பெரிய தொகை போகாது என்பதும் வேலை செய்கிற தடைதான், ஏமாற்றுக்காரனின் முதல் ஆயுதமே அவசரம் என்பதால். அனுப்ப வேண்டும் என்று தெரிந்த அன்றே கணக்கைச் சேர்த்து வையுங்கள், ஒரு சிறு தொகை அனுப்பி வந்ததா என்று அவரிடமே கேளுங்கள். கணக்கில் உள்ள பெயரை வங்கி காட்டினால் பொறுமையாகப் படியுங்கள். நாம் அடித்த பெயரும் கணக்கின் பெயரும் பொருந்துகிறதா என்று சொல்லும் வசதி பிரிட்டனில் 2020-ல் வந்தது, யூரோ பகுதியில் 2025 அக்டோபரில் கட்டாயமானது. பெயர் பொருந்தவில்லை என்று வந்தால், "பரவாயில்லை, அனுப்பு" என்பதை மட்டும் அழுத்தாதீர்கள்.

சீக்கிரம் டைம் அவுட் ஆகிறது என்ற புகார் எனக்கும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி எதுவும் செய்யாமல் இருந்தால் 5 நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்க விடக்கூடாது, தொடர்ந்து 5 முறைக்கு மேல் தப்பாக அடிக்கவும் விடக்கூடாது. திறந்து வைத்துவிட்டு எழுந்து போன கணினியை நினைத்தால் இதில் நியாயம் இருக்கிறது. கணக்கு எண், தொகை, குறிப்பு எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு லாகின் செய்யுங்கள், ஒரே டேப், பேக் பட்டனைத் தொட வேண்டாம். பணம் அனுப்பும் நடுவில் பக்கம் செத்துவிட்டால் மறுபடி அனுப்பும் முன் பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள், பல சமயம் பணம் போயிருக்கும், திரை மட்டும்தான் சொல்லாமல் விட்டிருக்கும்.

பாஸ்வேர்ட் இரண்டு முறை தப்பானால் மூன்றாவது முறை முயல வேண்டாம். கேப்ஸ் லாக் போட்டிருக்கிறதா, கீபோர்டு தமிழில் இருக்கிறதா, பிரவுசர் பழைய பாஸ்வேர்டை நிரப்புகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். அதிலும் தெரியவில்லை என்றால் ரீசெட் வழிக்குப் போங்கள். பல வங்கிகளில் முடங்கிய கணக்கைத் திறப்பதைவிட ரீசெட் எளிது.

செயலி திறக்கவே மறுத்தால் பெரும்பாலும் காரணம் போனின் அமைப்பில் இருக்கும்: டெவலப்பர் ஆப்ஷன், ரூட் (போனின் உள்பூட்டை உடைத்து முழு அதிகாரம் எடுப்பது), வி.பி.என், திரையைப் பகிரும் செயலி, திரை மேல் நிறம் படரவைக்கும் செயலி. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அக்சஸிபிலிட்டி அனுமதி (பார்வை போன்ற குறை உள்ளவர்களுக்கு உதவ உண்டானது) வைத்திருக்கும் செயலிகளையும் பாருங்கள். திரையைப் படித்து நமக்குப் பதில் பொத்தானை அழுத்தும் வைரஸ்கள் பயன்படுத்துவது அந்த அனுமதியைத்தான்.

வங்கியே கூப்பிட்டால்

வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று கூப்பிட்டு, பிறந்த தேதியைச் சொல்லி நீங்கள் யார் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். கூப்பிட்டது அவர்கள், நிரூபிக்க வேண்டியது நாமா? இது எனக்குக் கோபம் வரவைக்கும் பழக்கம், ஏனென்றால் மோசடிக்காரன் பேசும் அதே வசனத்தை வங்கியே பேசி நம்மைப் பழக்குகிறது. திரையில் காட்டும் எண்ணும் பெயரும் சான்று இல்லை, அவற்றைப் போலியாகக் காட்ட முடியும். "நானே திரும்பக் கூப்பிடுகிறேன், குறிப்பு எண் மட்டும் தாருங்கள்" என்று சொல்லி வையுங்கள். கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தேடுபொறியில் வரும் கஸ்டமர் கேர் எண்ணுக்கு வேண்டாம், அவற்றில் போலிகள் உண்டு. உண்மையான வங்கி ஊழியர் இதற்குக் கோபப்பட மாட்டார். அவசரப்படுத்தினாலோ, உதவி செய்கிறேன் என்று ஏதாவது செயலியைப் போடச் சொன்னாலோ, பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்காகச் செய்யும்போது

கெடுபிடிகளால் அதிகம் அடிபடுவது அவர்கள்தான். சின்ன எழுத்து, 30 நொடி, வளைந்து நெளிந்த கேப்ட்சா. பிள்ளைகள் பாஸ்வேர்டை வாங்கித் தாங்களே நடத்துவது வழக்கமாகிவிட்டது, ஆனால் பாஸ்வேர்டைப் பகிர்ந்திருந்தால், பிறகு மோசடி நடக்கும்போது வங்கி அதைக் காட்டியே கை கழுவலாம். கூட்டுக் கணக்கு, அதிகாரம் அளிக்கும் பத்திரம், பார்க்க மட்டும் அனுமதி என்று முறையான வழிகள் பெரும்பாலான வங்கிகளில் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஓடிபியை எஸ்.எம்.எஸ்ஸுக்குப் பதில் குரலில் சொல்வது, பட்டன் பெரிதாக உள்ள டோக்கன், கேப்ட்சாவை ஒலியாகக் கேட்பது போன்றவையும் சில இடங்களில் இருக்கின்றன, கேட்காமல் தர மாட்டார்கள். தினசரி அனுப்பும் வரம்பை அவர்களுடைய தேவைக்கு ஏற்பக் குறைத்து வையுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் எச்சரிக்கை வரும்படி செய்துவிடுங்கள், சிறு தொகைக்கும்கூட.

பணம் போய்விட்டால், புகார் செய்வதானால்

பணம் போயிருந்தால் வேறு எதற்கும் முன் வங்கியின் அவசர எண்ணுக்குக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள், புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள் என்பதை வைத்துத்தான் பொறுப்பு தீர்மானமாகும் என்பது பல நாடுகளில் சட்டம். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தப்பு உங்களிடமும் வங்கியிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்த மோசடி என்றால், வங்கியிடம் இருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. அமெரிக்காவில் கார்டோ பின்னோ தொலைந்தது தெரிந்த 2 வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்புக்கு மிகக் குறைந்த வரம்புதான். உங்கள் நாட்டு விதி என்ன என்பதை இன்றே பார்த்து வையுங்கள், அவசர எண்ணைத் தொலையக்கூடிய போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதுங்கள்.

பேஸ்ட் தடை, கட்டாய பாஸ்வேர்ட் மாற்றம் போன்ற வீண் தடைகளுக்குப் புகார் செய்வதில் பயன் இருக்கிறது, ஆனால் "உங்கள் தளம் மோசம்" என்று எழுதினால் மன்னிப்புக் கடிதம் ஒன்று வரும், அவ்வளவுதான். தேதி, நேரம், எந்தப் பக்கம், எந்தப் படி, திரையில் வந்த பிழை எண், எந்தச் சாதனம், எந்த பிரவுசர், ஸ்கிரீன்ஷாட், இவற்றை வைத்து எழுத்தில் அனுப்புங்கள், ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கு எண்ணை மறைத்துவிட்டு. சமூக ஊடகத்தில் பொதுவில் எழுத வேண்டாம், நீங்கள் எழுதிய சில நிமிடத்தில் வங்கி ஊழியர் வேடத்தில் ஒருவர் உங்களுக்குத் தனிமெசேஜ் அனுப்புவார். "இந்த விதி எந்த ஆபத்தைத் தடுக்கிறது, நிஸ்ட் 2017-ல் இதை வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஏன் வைத்திருக்கிறீர்கள்" என்று நேராகக் கேளுங்கள், இப்படிக் கேட்டால் கால் சென்டரோடு நிற்காமல் பாதுகாப்புப் பிரிவுக்குப் போக வாய்ப்பு அதிகம். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் உங்கள் நாட்டில் வங்கிக் குறைதீர்ப்பாளர் இருந்தால் அவரிடம் கொண்டுபோங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் வங்கியை மாற்றுவதில் தப்பே இல்லை. புதுக் கணக்கு திறக்கும் முன், எஸ்.எம்.எஸ் தவிர வேறு எந்த வழியில் உறுதிசெய்யலாம், போன் தொலைந்தால் எத்தனை நாளில் எப்படித் திரும்ப உள்ளே வரலாம், பாஸ்வேர்டைக் கட்டாயமாக மாற்றச் சொல்வீர்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாத வங்கியில் சம்பளக் கணக்கை வைக்காதீர்கள்.